மடவைக் குஞ்சுகளின் விடுதலை: உண்மை நிலவரம்

ராயபுரம்,
வைகாசிப் பௌர்ணமி கழிந்த ஐந்தாம் நாள், சனிக்கிழமை.

பெறுநர்:
மதிப்புக்குரிய சம்பந்தி திரு. பீம்ராவ் அவர்கள்,
எம்.கே.பி. நகர், வியாசர்பாடி.

பொருள்: கடந்த திங்கட்கிழமை காசிமேடு துறைமுக வார்ஃபில் ஒரு பக்கெட் மீன் கடலில் விடப்பட்டது – உண்மை நிலவரம் தெரிவித்தல் – மன்னிப்புக் கோருதல் – தொடர்பாக.

அன்புள்ள சம்பந்திக்கு, ராயபுரம் சாலமன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் டெபோராவும் மகன் விமலும் நலம். அங்கே நீங்களும் சம்பந்தியம்மாவும் மகள் மகிழினியும் நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபத்தில் சேர்த்துக்கொள்கிறோம். சொந்தக் கடிதத்தில் போய் 'பொருள்' என்றெல்லாம் போட்டதற்குக் கோபிக்காதீர்கள். முப்பத்து நான்கு வருஷம் ரயில்வே கூட்ஸ் ஆபீசில் உட்கார்ந்து, காணாமல் போன மூட்டைகளுக்கு விளக்கம் எழுதிய கை இது. வேறு மாதிரி எழுத வராது. இன்றைக்கும் காணாமல் போனதற்கான விளக்கம்தான், மூட்டைக்குப் பதில் மீன்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். மூன்று தடவை போன் செய்தேன். மூன்று தடவையும் நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள், "சம்பந்தி, உங்க மனசு யாருக்கு வரும்" என்று ஆரம்பித்துவிட்டீர்கள். அதற்கப்புறம் 'சாப்டீங்களா' என்று கேட்டு வைத்துவிட்டேன். ஆறு மாதத்துக்கு முன்னால் பிள்ளைகள் இரண்டு பேரும் தங்கள் விருப்பத்தைச் சொன்னபோது நீங்கள் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை, 'பாக்கலாம்' என்றீர்கள். அந்த ஒரு சொல்லில் என் மகன் நான்கு கிலோ இளைத்தான். திங்கட்கிழமை வார்ஃபில் நின்று நீங்கள் சம்மதம் சொன்ன பிறகுதான் அவன் இரண்டாவது தோசை கேட்டான். ஆனால் சம்பந்தி, நீங்கள் சம்மதம் சொன்னது யாரோ ஒரு நல்ல மனிதரைப் பார்த்து. அந்த மனிதர் நான் இல்லை. உண்மை தெரியாமல் கொடுத்த சம்மதத்தின் மேல் என் பிள்ளையின் கல்யாணத்தை நடத்த எனக்குப் பயமாக இருக்கிறது. அதனால் திங்கட்கிழமை உங்கள் கண்ணுக்கு முன்னால் நடந்ததையும், உங்கள் முதுகுக்குப் பின்னால் நடந்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதல் குற்றம் என் வாய். உங்களை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டபோது, "கொடுவா மீன் கொழம்பு, என் கையாலே புடிச்சது" என்று சொல்லிவிட்டேன். ராயபுரத்துக்காரன், கோயிலில் மீனவரான ராயப்பர் சிலைக்குக் கீழே ஞானஸ்நானம் வாங்கியவன், எனக்கு மீன் பிடிக்க வராது என்று சொன்னால் யாராவது நம்புவார்களா? ஆனால் நான் தூண்டில் ராடைக் கையில் எடுத்ததே ரிட்டயர் ஆன பிறகுதான். எட்டு மாதமாக வார்ஃபில் உட்கார்கிறேன். இதுவரை பிடித்தது கெளுத்தி பதினொன்று, ஒரு குடை, ஒரு ரப்பர் செருப்பு. வீட்டுக்குக் கொண்டுபோனதெல்லாம் வார்ஃபில் உட்கார்ந்து மீன் விற்கும் கெங்கம்மாவிடம் வாங்கியது. அதை டெபோரா முதல் நாளே கண்டுபிடித்துவிட்டாள். பிடித்த மீனை யாரும் செதில் எடுத்து, துண்டு போட்டு, கவரில் கட்டிக் கொண்டுவர மாட்டார்கள் அல்லவா?

இந்த முறை அப்படியும் தப்பிக்க முடியாது. மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் வார்ஃபில் கயிறு கட்டிக்கொண்டு தூங்குகிறது, கெங்கம்மாவே கருவாட்டுக்கு மாறிவிட்டாள். அவளிடம் யோசனை கேட்டேன். "நைனா, நீ போடற செத்த எறாலை கொடுவா மோந்துகூட பாக்காது. அதுக்கு உசுரோட நீந்திகினு கீற மடவைக் குஞ்சு வோணும். முதுகுல தூண்டி முள்ளை லேசா குத்தி தண்ணில வுட்டா, தானா வந்து புடிக்கும். பௌர்ணமில கடல் ஏறச்சொல்ல போடு" என்றாள். வீட்டுக்கு வந்து தினசரிக் காலண்டரைப் புரட்டினேன். திங்கட்கிழமை தாளில் முழு வட்டம் போட்டிருந்தது. அதன் மேல் சிவப்பு மையில் பெரிதாக 'கொடுவா' என்று எழுதிவிட்டு, உடனே உங்களுக்குப் போன் செய்து, "பௌர்ணமி அன்னிக்கு காலையிலே எட்டரைக்கு வார்ஃபுக்கு வந்துடுங்க, அப்படியே வீட்டுக்குப் போகலாம்" என்றேன். நீங்கள் என்னை இரண்டு தடவை நாளைச் சொல்ல வைத்தீர்கள். பிறகு, "பௌர்ணமி அன்னிக்கா? சரி, வரேன்" என்றீர்கள். அந்தக் கேள்வியில் இருந்த விஷயம் என் மண்டையில் ஏறவில்லை.

மடவைக் குஞ்சு எண்ணூர் முகத்துவாரத்தில் கிடைக்கும் என்றார்கள். வியாழக்கிழமை ஒரு மூடி போட்ட பக்கெட்டும், மீன் தொட்டிக்கு வைக்கிற பேட்டரி காற்று மோட்டாரும் எடுத்துக்கொண்டு போனேன். வீச்சு வலை போடுகிறவர் ஒருவரிடம் விரல் நீளத்தில் முப்பது வாங்கி, திருவொற்றியூர் வழியாக பஸ்ஸில் திரும்பினேன். பக்கெட் 'உர்' என்று உறுமுவதைக் கேட்டு கண்டக்டர் வந்து மூடியைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். ஒன்று துள்ளி முன் சீட்டு அம்மாவின் காய்கறிக் கூடையில் விழுந்தது. அந்த அம்மா அதைத் திருப்பித் தரவில்லை. டோல்கேட் திருப்பத்தில் பாதித் தண்ணீர் கொட்டிப்போனது. வீட்டுக்கு வந்ததும் பாவம் மூச்சு முட்டுமே என்று குழாய்த் தண்ணீரைப் பிடித்து ஊற்றினேன். உப்புத் தண்ணீர் மீனுக்கு, அதுவும் மருந்து கலந்த குழாய்த் தண்ணீர். காலையில் இருபத்தொன்பதும் மல்லாந்து கிடந்தன. டெபோரா எடுத்துப் போய் மஞ்சள்தூள் போட்டு வறுத்துவிட்டாள். விமல் சாப்பிட்டுவிட்டு, "நெத்திலி நல்லா கீதும்மா" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, கோட் சட்டையோடு மறுபடி எண்ணூர். இந்த முறை கேன் நிறையக் கடல்தண்ணீரும் கொண்டுவந்தேன். இருபத்தெட்டு குஞ்சுகள். குளியலறையில் வைத்து, மணிக்கொரு தடவை போய்ப் பார்த்தேன். விமல் பிறந்தபோதுகூட இப்படிப் பார்த்தீர்களா என்று டெபோரா கேட்டாள். நான் அப்போது நைட் டியூட்டியில் இருந்தேன் என்பது அவளுக்கு இன்னும் ஆறாத விஷயம். ஒன்றுகூடச் சாகவில்லை, சம்பந்தி. ஒவ்வொன்றும் துறுதுறுவென்று, கண்ணைப் பார்த்தால் பெயர் வைக்கலாம் போல இருந்தது.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வார்ஃபில் ஆஜர். ஒரு குஞ்சை முள்ளில் மாட்டி, கட்டிக் கிடந்த படகுக்குப் பின்னால் இறக்கிவிட்டு, ராடைப் படகு கட்டும் இரும்புக் கட்டைக்குப் பின்னால் தரையோடு சாய்த்து வைத்தேன். மீதி இருபத்தேழு பக்கெட்டில். நீங்கள் வருவதற்குள் கொடுவாவைத் தரையில் போட்டு, பக்கத்தில் ஒன்றும் தெரியாதவன் மாதிரி நிற்க வேண்டும் என்பது திட்டம். ஒன்றேகால் மணி நேரம் தூண்டில் நரம்பு, அதாவது தங்கூஸ், அசையவில்லை. எட்டேகாலுக்கு நீங்கள் வந்துவிட்டீர்கள். வெள்ளைச் சட்டை, வெள்ளை பேண்ட், கையில் டிபன் கேரியர். ஏதோ விசேஷ வீட்டுக்குப் போய்விட்டு வருகிறார் என்று நினைத்தேன். நான் வணக்கம் சொல்வதற்குள் உங்கள் கண் பக்கெட்டில் விழுந்துவிட்டது.

"இன்னா சம்பந்தி இது?"

"மீனுங்க."

"உசுரோட கீதே."

"ஆமாங்க, உசுரோட இருந்தாத்தான்..." என்று ஆரம்பித்தேன். அதற்குள் என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள்.

"தெரியும் சம்பந்தி. போன வருசம் புத்தகயாவுல பாத்துகினு வந்தேன். வெளிநாட்டுக்காரங்கோ பக்கெட் பக்கெட்டா மீனை வாங்கியாந்து ஆத்துல வுடுவாங்கோ. இன்னிக்கு புத்த பூர்ணிமா. காலையில விகாரைக்குப் போயி சீலம் எடுத்துகினு, பாயசத்தோட வரேன். ஒரு சர்ச்சுக்காரரு எனக்கோசரம் இப்படிப் பண்ணுவாருன்னு நான் நெனைக்கலே."

அப்போதுதான் எனக்குக் காலண்டர் ஞாபகம் வந்தது. அந்தத் தாளின் அடியில் பொடி எழுத்தில் ஏதோ இருந்தது, அதன் மேல்தான் நான் 'கொடுவா' என்று எழுதினேன். உங்களுக்கு வருஷத்திலேயே பெரிய நாள், ஓர் உயிருக்கும் தீங்கு செய்ய மாட்டேன் என்று நீங்கள் வாக்கு எடுக்கும் நாள். நான் உங்களை அன்றைக்கு மீன் பிடிக்கக் கூப்பிட்டிருக்கிறேன். கிறிஸ்துமஸ் அன்று ஒருவர் எங்களைக் கோயிலில் இருந்து கூப்பிட்டுச் சீட்டாட உட்கார வைத்தால் எப்படி இருக்கும்? 'அது இரைங்க' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் ஆறு மாதத்தில் முதல் தடவையாக நீங்கள் என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். நான் வார்த்தையை முழுங்கிவிட்டேன்.

நீங்கள் குனிந்து, பக்கெட் தண்ணீரில் கையை நன்றாக நனைத்துக்கொண்டு, ஒரு குஞ்சை வழுவழுப்புப் போகாமல் பூப்போல எடுத்துப் பார்த்தீர்கள். எவ்வளவு கருணை என்று நினைத்தேன். "எல்லாம் ஒரே சைஸா கீதே" என்றீர்கள். "பாத்துப் பாத்து வாங்கினேனுங்க" என்றேன், அது மட்டும் பொய் இல்லை. பிறகு பக்கெட்டைத் தூக்கி வார்ஃப் ஓரத்தில் வைத்து, மெதுவாகச் சாய்த்தீர்கள். இரண்டு தடவை எண்ணூர் போய் வந்த இருபத்தேழும் என் கண்ணுக்கு முன்னால் வரிசையாகக் கடலுக்குள் போயின. கை கூப்பி, கண்ணை மூடி, சரணம் சொல்ல ஆரம்பித்தீர்கள். நானும் பக்கத்தில் கை கூப்பினேன். என் அப்பா லத்தீன் பூசையில் வளர்ந்தவர், புரியாததை மரியாதையாகக் கேட்பது எங்கள் வீட்டு வழக்கம்.

இனிமேல் எழுதுவது நீங்கள் பார்க்காதது. ஒரே இடத்தில் இருபத்தேழு மடவைக் குஞ்சுகள் திடீரென்று வந்து விழுந்தால் கடலுக்குள் இருக்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? எட்டு மாதமாக எனக்கு முகம் காட்டாத கொடுவா அப்போது வந்தது. வந்தது, உங்கள் இருபத்தேழையும் விட்டுவிட்டு, முள்ளில் இருந்த என் இருபத்தெட்டாவதை எடுத்தது. ரீல் 'கிர்ர்' என்று கத்தியது. நீங்கள் கண்ணைத் திறக்காமல், "இன்னா சத்தம்?" என்றீர்கள். "காத்து மோட்டாருங்க" என்றேன். "தண்ணியில்லாம ஓடுது, நிறுத்துங்க, கெட்டுப்பூடும்" என்றீர்கள். ஒரு காலை ராடின் மேலும், இன்னொரு காலைத் தங்கூஸின் மேலும் வைத்து அழுத்தினேன். கை மட்டும் கூப்பியபடியே இருந்தது. மீன் இழுக்கிறது, செருப்பு நகர்கிறது, செருப்போடு நான் நகர்கிறேன். நீங்கள் சரணத்தை மறுபடி முதலில் இருந்து ஆரம்பிக்கிறீர்கள். எவ்வளவு நீளமான ஜெபம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

கெங்கம்மா கருவாட்டுக் கூடையை விட்டு எழுந்து, "நைனா, மாட்டிகினுதுடா, இஸ்துகினு போவுது" என்று கூவினாள். நான் கண்ணாலும் புருவத்தாலும் வாயை மூடச் சொல்லி ஜாடை காட்டினேன். உடம்பெல்லாம் உதறி, கண்ணும் ஒரு பக்கம் இழுத்ததைப் பார்த்து அவள் எனக்கு வலிப்பு வந்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டாள். ஓடிவந்து, வலிப்புக்காரன் கையில் இரும்பைக் கொடுக்க வேண்டும் என்று கருவாடு வெட்டும் கத்தியை என் கூப்பிய கைக்குள் செருகினாள். அந்த நேரத்தில் கொடுவா ஒரு தடவை தண்ணீருக்கு மேலே துள்ளியது. ஏழு கிலோவுக்குக் குறையாது. அப்படி ஒரு மீனை நான் கெங்கம்மாவின் தராசில்கூடப் பார்த்ததில்லை. ஒரு பக்கம் அது, ஒரு பக்கம் கண்ணை மூடி நிற்கும் நீங்கள். இழுத்துப் போட்டால் வார்ஃப் முழுக்க என் பேர் சொல்லும். என் மகன் இன்னும் நான்கு கிலோ இளைப்பான். குனிந்து தங்கூஸை அறுத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுகை வந்துவிட்டது.

நீங்கள் திரும்பியபோது உங்கள் கண்ணிலும் தண்ணீர். தோள் இரண்டும் குலுங்கின. என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "புடிச்ச உசுரை வுடறதுக்கு ஒரு மனசு வோணும் சம்பந்தி. உங்க வூட்டுக்கு என் பொண்ணைக் குடுத்துட்டு நான் நிம்மதியா தூங்குவேன். கோயில்ல வெச்சாலும் சரி, விகாரையில வெச்சாலும் சரி, தேதி பாருங்கோ" என்றீர்கள். அந்தச் சொல்தான் ஐந்து நாளாக என்னைத் தூங்க விடாமல் அடிக்கிறது. நான் எந்த உயிரை மனசார விட்டேன், சம்பந்தி? எனக்குப் பேசத் தைரியம் இல்லை, நீங்கள் கவிழ்த்தீர்கள்.

வீட்டில் நடந்ததும் உங்களுக்கு அரைகுறையாகத்தான் தெரியும். மாங்காய் போட்டு, புளி கரைத்து, கொடுவாவுக்காகக் குழம்பு அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. நான் வாசலில் இருந்தே டெபோராவிடம் வெறுங்கையைக் காட்டினேன். நீங்கள் அன்றைக்கு உச்சிக்கு மேல் சாப்பிட மாட்டீர்கள் என்பதால் பதினொன்றரைக்கே இலை போட்டோம். மீன் இல்லாத மீன் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, "ஒரு உசுரும் போவாம இன்னா ருசி" என்றீர்கள். டெபோரா என்னைப் பார்த்த பார்வையை ஆண்டவர்தான் மன்னிக்க வேண்டும். நீங்கள் கை கழுவப் போனபோது அவள் பாய்ந்துபோய்க் காலண்டரில் சிவப்பு மைத் தாளைக் கிழித்தாள். அதனால்தான் நீங்கள் திரும்பி வந்து, "இன்னிக்கு திங்கக்கெழமதானே, செவ்வா போட்டுகீது" என்று கேட்கும்படி ஆயிற்று. "எங்க வூட்ல எதையும் சீக்கிரமா செய்வோங்க" என்றாள். அதை நீங்கள் கல்யாணத் தேதிக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டீர்கள்.

புதன்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். சாமியார் முழுவதும் கேட்டார். கூண்டுக்கு அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் இருமல் சத்தம். பிறகு, "எத்தனை கிலோ இருக்கும்?" என்றார். சொன்னேன். "அவரிடமே போய்ச் சொல்லு" என்று அனுப்பிவிட்டார். அதைத்தான் இப்போது செய்திருக்கிறேன்.

முடிவு உங்கள் கையில். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். விமல் மேல் ஒரு குற்றமும் இல்லை. அவனுக்கு மீன் பிடிக்கத் தெரியாது, தின்னத்தான் தெரியும். மகிழினி எங்கள் வீட்டுக்கு வந்து சிரித்துப் பேசும்போதெல்லாம் டெபோராவுக்கு முழங்கால் வலி குறைகிறது. கோபம் இருந்தால் என் மேல் காட்டுங்கள். கல்யாணத்தன்று நான் கடைசி வரிசையில் உட்காரத் தயார். வேண்டுமானால் பந்தியில் பரிமாறுகிறேன். 'பாக்கலாம்' என்று மட்டும் மறுபடி சொல்லிவிடாதீர்கள், அதை என் பிள்ளை தாங்க மாட்டான்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கம், மருமகளுக்கு ஆசீர். உங்கள் பகவானும் எங்கள் ஆண்டவரும் இந்த விஷயத்தில் ஒருவரை ஒருவர் கலந்து பேசி, உங்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நல்லது செய்யட்டும்.

இப்படிக்கு,
தலை குனிந்து கையெழுத்திடும்,
ம. சாலமன்,
ரயில்வே (ஓய்வு).

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். சாயங்காலம் மகிழினி பாயச டிபன் கேரியரை வாங்கிப்போக வந்தாள். அப்பாவுக்கு என் மேல் கோபம் வருமா என்று பொதுவாகக் கேட்டேன். சிரிக்க ஆரம்பித்தவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"மாமா, அப்பா முப்பது வருசம் அத்திப்பட்டு மின் நிலையத்துல வேலை செஞ்சவரு. டூட்டி முடிஞ்சா சுடுதண்ணி போற கால்வா கரையிலதான் கெடப்பாரு. மடவைக் குஞ்சு போட்டே எத்தினி கொடுவா புடிச்சிகீறாரு தெரியுமா? இன்னமும் அலமாரி மேல ரெண்டு ராடு கீது. பூர்ணிமாக்கு மட்டும் தொட மாட்டாரு. அன்னிக்குப் பாத்து நீங்க வார்ஃபுக்குக் கூப்ட்டீங்க, கோவத்தோடதான் வந்தாரு. இரை பக்கெட்டைக் கவுத்தா இந்த மனுசன் இன்னா பண்றாருன்னு பாப்போம், ஒரு சத்தம் போட்டாருன்னா அப்படியே கெளம்பிடலாம்னு இருந்தாராம்."

சரணம் மூன்று தடவைதான் சொல்வது வழக்கமாம். அன்றைக்கு ஆறு தடவை சொன்னீர்களாம். ஒரு கண் பாதி திறந்துதான் இருந்ததாம். குலுங்கியது அழுகை இல்லையாம். வீட்டில் செருப்பைப் போட்டுக்கொண்டு, நான் நகர்ந்ததை மூன்று நாளாக நடித்துக் காட்டுகிறீர்களாம். கை நனைத்துக் குஞ்சைத் தொட்டபோதே, அது தூண்டில்காரன் பழக்கம் என்று எனக்கு உறைத்திருக்க வேண்டும். கருணையாம், கருணை.

போகும்போது வாசலில் நின்று அவள் இன்னொன்றும் சொன்னாள். "விமல் சொன்னாப்பல எட்டு மாசமா காத்துகினு கெடந்த மீனைப் புள்ளைக்கோசரம் அறுத்து வுட்டாரு பாரு, அந்த ஆளு வூட்ல நீ பொழைச்சுக்குவேன்னு அப்பா சொன்னாரு மாமா." இதைக் கேட்டு நான் உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வரவேண்டியதாயிற்று.

ஆகவே, மேலே கோரிய மன்னிப்பு முழுவதும் இதனால் ரத்து செய்யப்படுகிறது. 'பொருள்' என்ற இடத்தில் 'மன்னிப்புக் கோருதல்' என்பதை அடித்துவிட்டு, 'மடவைக் குஞ்சு இருபத்தேழு திருப்பிக் கோருதல்' என்று படித்துக்கொள்ளவும். கொடுவா மூன்றரைக் கிலோதான் இருக்கும் என்று வீட்டில் சொன்னீர்களாம். ஏழு, சம்பந்தி. நீங்கள் பார்த்தது அரைக் கண்ணால். அமாவாசைக்கு அத்திப்பட்டுக் கால்வாய்க்கு வருகிறேன், அலமாரி மேலே இருக்கும் இரண்டு ராடையும் எடுத்து வையுங்கள். பக்கெட் மட்டும் என் மடியில் இருக்கும்.